நாற்பத்தோராம் கட்டுரைக்கு ஒரு வாசகர்

எங்கள் கல்லூரியில் எழுத்துப் பயிற்சி வகுப்பு எடுத்தவரை 'பத்தி டீச்சர்' என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். விடுப்பு வேண்டுமா, ஒரு பத்தி எழுதிக்கொண்டு வா. பக்கத்து இருக்கைக்காரன் பேனாவை எடுத்துக்கொண்டானா, அதையும் ஒரு பத்தியில் எழுதிக்கொண்டு வா. வாயால் சொல்லும் எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அவருடைய கணவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். ஒரு நாள் அவரை அழைத்துப் போக வந்தபோது நூலக வாசலில் நின்று சொன்னார்: "நான் ஆளுக்குள்ள எலும்பு நேரா இருக்கான்னு பாக்கறேன். இவ வாக்கியத்துக்குள்ள பாக்கறா. வீட்டுல சண்டை போட்டாக்கூட நடுவுல ஒரு வரி எடம் விட்டுத்தான் அடுத்த சண்டைய ஆரம்பிப்பா."

அந்த நூலகத்தின் பட்டியல் பிரிவில் நான் வேலை பார்த்தேன். இங்கே எழுதுவதில் நூலகத்துக்குள் நடந்தது நான் நேரில் கண்டது. வெளியே நடந்தது டீச்சரும் கணினித் துறை ஆசிரியரும் தனித்தனியாக எனக்குச் சொன்னது. இருவரும் சேர்ந்து இருந்த இடங்களில், இருவர் சொன்னதும் ஒத்துப்போவதை மட்டும் எழுதுகிறேன்.

டீச்சர் முதலில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். நடுவயதில்தான் கல்லூரிக்கு வந்தார். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தம். அவரிடம் வந்தவர்கள் இலக்கியம் படிப்பவர்கள் அல்ல. இயந்திரப் பொறியியல், கணக்கியல், செவிலியர் படிப்பு என்று பல துறைப் பிள்ளைகள். பட்டம் வாங்க இந்த ஒரு தாளையும் தேறியாக வேண்டும் என்பதற்காக வந்து உட்காருவார்கள். டீச்சர் பச்சைப் பென்சிலால் திருத்துவார். தவறு என்று எங்கேயும் குறிக்க மாட்டார், ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதுவார். 'ஒரு கடை' என்று எழுதினால் 'எந்தக் கடை?' 'பெரிய வீடு' என்று எழுதினால் 'எதைவிடப் பெரிது?' 'மனம் மகிழ்ந்தது' என்று எழுதினால் 'கை என்ன செய்தது?' ஒரு வரி மிக நன்றாக இருந்தால் அடிக்கோடு போட்டு 'ம்' என்று எழுதுவார். அதற்கு மேல் பாராட்டு அவரிடம் கிடையாது. அந்த 'ம்' வாங்கியவர்கள் தாளைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்வார்கள்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. பிள்ளைகள் மூன்று முறை நான்கு முறை திருத்தி எழுதும் கட்டுரைகள் மதிப்பெண் போட்டதும் அலமாரிக்குள் போய்விடும். ஆண்டு முடிந்ததும் பழைய தாளோடு தாளாக வெளியேறிவிடும். "ஒரே ஒரு ஆள் படிக்கறதுக்காக யாராவது எழுதுவாங்களா?" என்பார். "அதுவும் சம்பளம் வாங்கிட்டுப் படிக்கற ஆளு!"

இந்தக் குறையைத் தீர்த்து வைக்க வந்தவர் கணினித் துறை ஆசிரியர். சட்டைப் பையிலிருந்து எப்போதும் ஏதாவது கம்பி தொங்கிக்கொண்டிருக்கும், அதனால் ஒயர் சார். இருவரும் சேர்ந்து ஒரு திறந்த களஞ்சியத்தை உருவாக்கினார்கள். அதில் நுழையக் கடவுச்சொல் வேண்டாம், கட்டணம் வேண்டாம். எந்த நாட்டில் உட்கார்ந்தும் யாரும் படிக்கலாம், நகல் எடுக்கலாம், ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம். 'என் வீட்டிலிருந்து வகுப்புக்கு வரும் வழி' என்பதுதான் எல்லோருக்கும் பயிற்சி. கட்டுரைகளைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். அவற்றில் வரும் வழிகளை ஒயர் சார் ஊர் வரைபடத்தின் மேல் கோடுகளாக வரைந்தார். ஒரு தெருவைத் தொட்டால் அந்தத் தெரு வழியாக நடந்தவர்களின் கட்டுரைகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எந்தச் சொல்லைத் தேடினாலும் கிடைக்கும். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் அது எத்தனை முறை படிக்கப்பட்டது என்ற எண் இருக்கும்.

கவனமாகத்தான் செய்தார்கள். மாணவர்களின் சம்மதம் வாங்கினார்கள். பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டார்கள். வீடு எது என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்தையும் ஒயர் சார் வெட்டிவிட்டார். வரைபடத்தில் எல்லாக் கோடுகளும் நடுத்தெருவில் தொடங்கின. அதைப் பார்த்துவிட்டு, "ஊருல எல்லாரும் ரோட்டுல பொறந்து வளந்த மாதிரி இருக்கு" என்று டீச்சர் சிரித்தார்.

நாற்பத்தோராம் கட்டுரையை எழுதியவள் மாலை வகுப்பில் படித்த ஒரு பெண். மற்றவர்களைவிட மூத்தவள், அதனால் வகுப்பில் அவளுக்குப் பெரியக்கா என்று பெயர். பகலில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. இடது கையில் ஒரு விரல் மடங்காது. டீச்சர் ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டபோது, எழுதிக் காட்டவில்லை, வாயாலேயே சொன்னாள்: "கதவ சாத்தினப்போ கை உள்ள இருந்துது டீச்சர். அவருக்குத் தெரிஞ்சுதான் சாத்தினார்." கணவனை விட்டு வேறு ஊரிலிருந்து வந்தவள். தான் இங்கே இருப்பது அவனுக்குத் தெரிந்தால் அடுத்த முறை விரலோடு நிற்காது என்று சொல்லியிருந்தாள். இது டீச்சர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அவள் முதலில் எழுதியது மிகவும் பொதுவான கட்டுரை. 'என் அறையிலிருந்து கிளம்பிக் கடைகளைத் தாண்டி வகுப்புக்கு வருகிறேன்' என்று தொடங்கியது. ஓரத்தில் பச்சைப் பென்சில் கேட்டது: எந்த அறை? யாருக்கு மேலே? எந்தக் கடைகள்? எந்தப் பக்கம்? அவள் மறுபடி எழுதினாள். பென்சில் மறுபடி கேட்டது. கடைசியில் வந்த கட்டுரையில் எல்லாம் இருந்தது. டயர்க் கடையின் வெளிச்சுவரில் ஏறும் இரும்புப் படிகள், அதில் மிதித்தால் ஆடும் ஒரு படி, எதிரே பச்சைத் தண்ணீர்த் தொட்டி. முடி வெட்டும் கடையின் கண்ணாடி தெருவைப் பார்த்து மாட்டியிருப்பதால் தினமும் தன்னையே தாண்டிப் போக வேண்டியிருப்பது. மருந்துக் கடையின் மேலே தப்பான நேரம் காட்டும் கடிகாரம், அதை நம்பி ஒரு நாள் ஓடியது. மழை விட்ட பிறகு அந்தத் தெருவில் விழும் வெளிச்சத்தைக் 'கழுவின வெயில்' என்று எழுதியிருந்தாள். டீச்சர் அந்த இரண்டு சொற்களுக்கும் அடியில் கோடு போட்டு 'ம்' எழுதினார்.

களஞ்சியம் திறந்து பல மாதங்கள் ஆகியும் வாசகர் என்று சொல்ல யாரும் வரவில்லை. எண்கள் ஏறியபோதெல்லாம் டீச்சர் ஓடிவந்து கேட்பார். ஒயர் சார் உதட்டைப் பிதுக்குவார். "இதெல்லாம் மனுஷங்க இல்ல டீச்சர். தேடுற மெஷின்ங்க. வந்து எட்டிப் பாத்துட்டுப் போகுதுங்க."

"மெஷினாவது எட்டிப் பாக்குதே. எங்க துறைத்தலைவர் இன்னும் பாக்கல."

பிறகு ஒரு பிற்பகலில் ஒருவர் வந்தார். நன்றாக இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, தோளில் பயணப் பை. நூலகத்துக்குள் செருப்போடு வரலாம் என்றாலும் வாசலில் கழற்றிவிட்டு வந்தார். என் மேசைக்கு முன் நின்று மெதுவாகக் கேட்டார்.

"இங்க பசங்க எழுதின கட்டுரைங்கள கம்ப்யூட்டர்ல போட்டிருக்கீங்களே, அதுல நாப்பத்தொண்ணாவது படிச்சேங்க. அத எழுத வெச்ச டீச்சரப் பாக்க முடியுமா?"

டீச்சர் பக்கத்திலேயே நீண்ட மேசையில் தாள் திருத்திக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததும் பென்சிலோடு எழுந்துவிட்டார். "நான்தான், நான்தான்! உக்காருங்க. எங்கேருந்து வர்றீங்க?"

"வெளியூருங்க. சும்மா தேடிட்டிருந்தப்போ கெடச்சுது."

"என்னன்னு தேடினீங்க?"

"கழுவின வெயில்னு போட்டுத் தேடினேங்க."

"பாத்தீங்களா! நான் கோடு போட்ட எடம்!" டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கணினி அறைப் பக்கம் குரல் கொடுத்தார். "ஒயர் சார், இங்க வாங்க! மெஷின் இல்ல, மனுஷன் வந்திருக்கார்!"

தேநீர் சொல்லி அனுப்பினார். வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தன் பையை மடியில் வைத்துக்கொண்டார். எழுதியவர் இன்னும் இங்கேதான் படிக்கிறாரா என்று கேட்டார்.

"ஆமாமா. சாயங்கால வகுப்பு. பேரு மட்டும் கேக்காதீங்க, அது எங்க விதி."

"வேண்டாங்க. பேரு எதுக்கு?" கொஞ்ச நேரம் தேநீரை ஊதினார். "வரைபடம் ஒண்ணு இருக்குல்ல, அதுல கோடு பாதியில நிக்குதேங்க."

ஒயர் சார் கோட்டின் தொடக்கத்தை ஏன் வெட்டினார் என்று விளக்கத் தொடங்கினார். டீச்சர் குறுக்கிட்டார். இத்தனை ஆண்டுகளில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. "வரைபடம் எதுக்குங்க? அந்தக் கட்டுரையக் கையில வெச்சுக்கிட்டு நடந்தாலே போதும், நேரா கதவுல போய் முட்டிக்கலாம். அவ்வளவு வெவரம். நாலு தடவ திருப்பி எழுத வெச்சிருக்கேன்."

"தெரியுதுங்க" என்றார் வந்தவர். "முன்னயெல்லாம் இவ்வளவு வெவரமா பேசவே மாட்டா. என்ன கேட்டாலும் தலையக் குனிஞ்சுக்குவா. மழை விட்டா மட்டும் ஜன்னல் கிட்டப் போய் நின்னு இதையே சொல்லிக்கிட்டு இருப்பா. நீங்க நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க."

ஒயர் சார் தேநீர்க் குவளையை வாய்க்குக் கொண்டுபோன நிலையிலேயே வைத்திருந்தார். டீச்சரின் பென்சில் மேசையில் உருண்டு கீழே விழுந்தது. வந்தவன்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தான். தேநீரை முழுவதும் குடித்துவிட்டுக் குவளையைத் தட்டின் நடுவில் வைத்தான். நன்றி சொன்னான். அங்கிருந்து நகல் எடுக்கும் மேசைக்குப் போனான். அந்தக் கட்டுரையை அச்செடுத்துத் தரச் சொன்னான். யார் கேட்டாலும் கொடுக்கலாம் என்பதுதான் ஏற்பாடு. மேசையில் இருந்த பெண்ணுக்கு எதுவும் தெரியாது.

"பின் அடிக்கட்டுமா சார்?"

"அடிங்கம்மா. பறந்துடக் கூடாது."

அவன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கியதை டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே நின்று தாளைப் பிரித்தான். முதல் பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளி, கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான். கட்டுரை வீட்டிலிருந்து கல்லூரிக்கு எழுதப்பட்டது. அவன் அதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டே நடக்க வேண்டும். வலது என்று இருப்பதெல்லாம் அவனுக்கு இடது.

அவன் யார் என்று டீச்சர் ஒயர் சாரிடம் ஒரே வாக்கியத்தில் சொன்னார். "போன் போடுங்க டீச்சர்!" என்றார் ஒயர் சார்.

டீச்சர் போட்டார். அவளுடைய கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. "இன்னிக்கு அவளுக்கு அரை நாள்தான் வேலை. தூங்கிட்டுத்தான் வகுப்புக்கு வருவா." குரல் அவருடையது போலவே இல்லை. "நான்தானே சொன்னேன். கதவுல போய் முட்டிக்கலாம்னு நான்தானே சொன்னேன்."

"அத அப்புறம் பாத்துக்கலாம். வண்டில ஏறுங்க."

ஒயர் சாரின் ஸ்கூட்டரில் போனார்கள். மருந்துக் கடை முனையில் அவனைத் தாண்ட வேண்டியிருந்தது. டீச்சர் முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒயர் சாரின் முதுகில் முகத்தை மறைத்துக்கொண்டார். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவன் அண்ணாந்து அந்தத் தப்பான கடிகாரத்தைப் பார்த்தான். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பேனாவை எடுத்துத் தாளில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டான். தன் மாணவர்களில் ஒருவர்கூட அவ்வளவு கவனமாக ஒரு கட்டுரையைப் படித்ததில்லை என்று டீச்சர் பிறகு என்னிடம் சொன்னார். அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து போய்விட்டார்.

இரும்புப் படிகளில் டீச்சர் எப்படி ஏறினார் என்று அவருக்கே நினைவில்லை. கதவைத் தட்டியதும் உள்ளே ஓசை அடங்கியது. "நான்தான்மா, பத்தி டீச்சர்" என்ற பிறகுதான் தாழ்ப்பாள் நகர்ந்தது. பெரியக்கா தூக்கக் கண்ணோடு நின்றாள். டீச்சரின் முகத்தைப் பார்த்தவுடன் தூக்கம் போய்விட்டது.

"வந்துட்டாரா?"

"மருந்துக் கடைகிட்ட இருக்கான். கட்டுரைய அச்செடுத்துக் கையில வெச்சிருக்கான்."

அவள் அழவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தாள். "இது எப்பவும் கட்டியேதான் இருக்கும் டீச்சர்." கண்ணாடி முன் நின்று கூந்தலை முடிந்துகொண்டே கேட்டாள்: "எந்த வரிய வெச்சுக் கண்டுபுடிச்சார்?"

"கழுவின வெயில்."

அவள் கை நின்றது. "அத அவர் முன்னாடி சொன்னதே இல்லன்னு நெனச்சேன். எனக்குள்ளயேதான் சொல்லிக்கிட்டேன்னு நெனச்சேன்." கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். ஒயர் சார் கீழேயிருந்து ஹாரனை மெதுவாக அடித்தார்.

"எழுந்திரும்மா. போலீசுக்குச் சொல்லலாம்."

"ரெண்டு தடவ சொல்லியாச்சு. ரெண்டு தடவையும் புருஷன் பொண்டாட்டி விஷயம்னு கூட்டி உக்கார வெச்சுப் பேசி, அவர்கூடவே அனுப்பி வெச்சாங்க."

டீச்சர் அவளைக் கையைப் பிடித்து எழுப்பினார். "நான் கட்டுரைய இன்னிக்கே எடுத்துடச் சொல்றேன். கேளு, எங்க போறேன்னு எங்கிட்ட சொல்லாத. எனக்குத் தெரியவே வேண்டாம். என் வாய நானே இனி நம்ப மாட்டேன்."

படியிறங்கப் போனவள் நின்று திரும்பினாள். "எடுக்காதீங்க டீச்சர்."

"என்னடி சொல்ற?"

"எடுத்தா நான் போயிட்டேன்னு தெரிஞ்சுடும். வேற எடத்துல தேட ஆரம்பிச்சுடுவார். இருக்கட்டும். அதுல இருக்கறதெல்லாம் நெஜந்தானே? படிச்சுப் படிச்சு இங்கேயே சுத்தட்டும்."

சாமான்களில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கொடியில் துணி, அடுப்பின் மேல் பாத்திரம், மேசையில் பாதி எழுதிய தாள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒயர் சார் அவளைப் பின்சந்து வழியாகப் பேருந்து நிலையத்துக்கு அழைத்துப் போனார். அவள் எந்தப் பேருந்தில் ஏறுகிறாள் என்று பார்க்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். எதுவும் தெரியாதவராக இருப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு என்று டீச்சர் அவருக்கும் சொல்லியிருந்தார்.

டீச்சர் கதவைச் சாத்திவிட்டு இறங்கினார். பாதிப் படியில் ஓர் ஆட்டம். ஆடும் படி அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கீழே பார்த்தார். கடைசிப் படியில் அவன் நின்றுகொண்டிருந்தான். கையில் தாள்.

"அட, டீச்சர்" என்றான். "நீங்களும் படிச்சுப் பாத்துட்டு வந்தீங்களா?"

அவன் வழிவிட்டு ஒதுங்கவில்லை. அவரைத் தாண்டி ஏறினான். ஆடும் படியில் ஒரு முறை அழுத்தி மிதித்துப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டான். பூட்டாத கதவைத் திறந்தான். உள்ளே நடமாடும் ஓசை கேட்டது. பாத்திர மூடி திறந்து மூடியது. பிறகு அவன் வெளியே வந்து மேலேயிருந்து எட்டிப் பார்த்தான்.

"சாமானெல்லாம் இருக்கு. கடைக்குப் போயிருப்பா. வந்துடுவா."

"ஆமா" என்றார் டீச்சர்.

அதன் பிறகு சில நாட்கள் அவன் மாலை வகுப்பு விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே நின்றான். காவலாளி விரட்டினால் போய்விடுவான், மறுநாள் வருவான். கல்லூரி முதல்வரிடம் டீச்சரும் ஒயர் சாரும் போய்ச் சொன்னார்கள். தெருவில் நிற்பவரை என்ன செய்ய முடியும், இதில் கல்லூரியின் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவனைக் காணவில்லை. ஆனால் நாற்பத்தோராம் கட்டுரையின் அடியில் எண் ஏறத் தொடங்கியது. தினமும் ஏறியது. மெஷின் அல்ல என்று ஒயர் சார் பார்த்துச் சொன்னார். ஒரே கைபேசி, இந்த ஊரிலிருந்துதான்.

ஒரு காலத்தில் எண் ஏறவில்லையே என்று வருந்தியவர் டீச்சர். இப்போதும் தினம் என் மேசைக்கு வந்து திரையைப் பார்த்தார். ஏறியிருந்தால் மூச்சு விடுவார். "இன்னும் இங்கதான் தேடிட்டிருக்கான். அவளக் கண்டுபுடிக்கல." எண் எப்போது நின்றுவிடுமோ என்ற பயத்திலேயே அவருடைய வகுப்புகள் நடந்தன. புதிய அணி மாணவர்கள் வந்தார்கள். ஒருவன் தன் கட்டுரையில், 'ஒரு கடையைத் தாண்டி' என்று எழுதிவிட்டு, "எந்தக் கடைன்னு கேப்பீங்கன்னு தெரியும் டீச்சர், எழுதிடட்டுமா?" என்று அவனே கேட்டான். டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தாராம். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டார். பத்தி டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் அந்த எண் நின்றது.

முதல் நாள் டீச்சர் திரையை மறுபடி மறுபடி பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் ஒயர் சாரை அழைத்து, இயந்திரக் கோளாறா என்று பார்க்கச் சொன்னார். கோளாறு இல்லை. அதற்கு அடுத்த நாளும் அதே எண்.

"சலிச்சுப் போயிருக்கும் டீச்சர்" என்றார் ஒயர் சார்.

"அவனா? கடிகாரத்தப் பாத்து டிக் போட்டவனா?" என்றார் டீச்சர். "கண்டுபுடிச்சிருப்பான். கண்டுபுடிச்சவனுக்குக் கட்டுரை எதுக்கு?"

அவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் வழியில்லை. கைபேசி எண்ணை அன்றே மாற்றியிருந்தாள். பல் மருத்துவரிடமும் அவள் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. செய்தித்தாளில் பெண்களைப் பற்றி வரும் சிறிய செய்திகளை டீச்சர் வரிவிடாமல் படித்தார். ஊர்ப் பெயரும் வயதும் மட்டும் போட்டிருக்கும் செய்திகள். வீட்டில் அவர் கணவர், "நீ சாப்பிட்டு எத்தன நாளாச்சுன்னு ஒரு பத்தி எழுதிக் குடு" என்று சொல்லிப் பார்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பிற்பகலில் டீச்சர் தனியாக அந்தத் தெருவுக்குப் போனார். டயர்க்கடைக்காரர் ஒரு சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றுக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மேல் அறை காலியா என்று டீச்சர் பொதுவாகக் கேட்டார்.

"அது போயிடுச்சேம்மா. ஒருத்தர் எடுத்துட்டார். இங்க ஒரு பொண்ணு இருந்துச்சு, அதோட வீட்டுக்காரராம். அது எங்கயோ போயிருக்காம், திரும்பி வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்னுட்டார். அமைதியான மனுஷன்." சக்கரத்தைத் திருப்பி அமுக்கினார். "அந்தப் பொண்ணு வெச்சுட்டுப் போன சாமான் ஒண்ணக் கூட நகத்தலம்மா. கொடியில போட்ட துணி அப்படியே காயுது. பாத்தா பாவமா இருக்கு."

டீச்சருக்கு எண் ஏன் நின்றது என்று புரிந்தது. வழி தெரிந்து வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டவன் எதற்கு வழியைப் படிக்க வேண்டும்?

அவர் திரும்பி நடக்க ஆரம்பித்தார். ஆனால் டயர்க்கடைக்காரர் நல்ல மனிதர். யாரும் கேட்காமலேயே உதவுகிறவர். தலையை உயர்த்திக் கூவினார். "சார்! உங்களத் தேடி யாரோ அம்மா வந்திருக்காங்க!"

மேலே ஜன்னல் திறந்தது. அவன் எட்டிப் பார்த்தான். முகத்தில் தாடி வளர்ந்திருந்தது, ஆனால் சட்டை அதே போல இஸ்திரி போட்டிருந்தது. டீச்சரைக் கண்டதும் படிகளில் பாதிவரை இறங்கி வந்தான். அந்த ஆடும் படியை மிதிக்காமல் தாண்டிப் பழகியிருந்தான்.

"டீச்சர். அவ வகுப்புக்கு வந்துட்டாளா?"

வாயால் சொன்ன எதையும் நம்பாத டீச்சர் அப்போது வாயால் சொல்ல வேண்டியிருந்தது. எந்தத் தாளிலும் எழுதித் திருத்த நேரமில்லை. அண்ணாந்து அவன் கண்ணைப் பார்த்தார்.

"இன்னும் இல்ல. நீண்ட விடுப்பு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கா. பரீட்சைக்கு வந்துதான் ஆகணும், இல்லன்னா பட்டம் கெடைக்காது. எப்படியும் இந்த அறைக்குத்தானே வரணும்? சாமானெல்லாம் இங்கதானே இருக்கு."

"நானும் அதான் நெனச்சேன்."

"வந்தா எனக்குச் சொல்லுங்க. அத விசாரிக்கத்தான் வந்தேன்."

"சொல்றேன் டீச்சர். நான் எங்கயும் போகல."

தெரு முனைவரை அவன் பார்வை முதுகில் இருப்பது தெரிந்தது, அதனால் டீச்சர் வேகமாக நடக்கவில்லை. முனை திரும்பிய பிறகு மருந்துக் கடையின் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஒயர் சார் வந்து, இனியாவது அந்தக் கட்டுரையை எடுத்துவிடலாமா என்று கேட்டார். டீச்சர் கூடாது என்றார். எதையும் தொடக் கூடாது, ஓர் எழுத்துக் கூட மாறக் கூடாது. அவனுக்கு என்றாவது சந்தேகம் வந்து மறுபடி திறந்து பார்த்தால், எல்லாம் அப்படியே இருக்க வேண்டும்.

பரீட்சை வந்து போனது. டீச்சர் மறுபடி அவனிடம் போய், அவள் அடுத்த பருவத்துக்குத்தான் வருவாள் என்று சொல்லிவிட்டு வந்தார். நான் ஓய்வு பெற்ற பிறகும் அவரைச் சந்திக்கிறேன். மாதத்தில் ஒரு நாள், பகல் வெளிச்சம் இருக்கும்போதே, அவர் அந்தத் தெருவின் எதிர்ப்பக்கமாக நடந்து போகிறார். டயர்க் கடையின் மேல் அந்த ஜன்னலில் ஆள் தெரிகிறதா என்று பார்க்கிறார். ஆள் தெரிந்தால் பயத்தில் முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொள்கிறார், ஆனால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வருகிறது. போன மாதம் ஜன்னல் சாத்தியிருந்தது. அவன் சந்தைக்குப் போயிருந்தான் என்று டயர்க்கடைக்காரர் சொல்லும்வரை, டீச்சர் வெயிலில் அந்த எதிர்ப்பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.